ஆட்டம் இல்லாத சைக்கிள்

நூற்பாலையில் ஃபிட்டராக இருபத்து மூன்று வருடம் வேலை பார்த்தவன் நான். நூலை முறுக்கும் கதிர் ஒன்று நிமிடத்துக்குப் பதினாறாயிரம் சுற்று சுற்றும். ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன் பக்கத்தில் தொட்டு, பிடியைக் காதில் வைத்தால், எந்தக் கதிரின் பேரிங்குக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவேன். இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. பின்னால் ஒரு சைக்கிளுக்கு நான் செய்ததைப் படிக்கும்போது, பாவம், விவரம் தெரியாத ஆள் போலிருக்கிறது என்று நீங்கள் என்னை மன்னித்துவிடக் கூடாது. விவரம் தெரிந்ததால்தான் அத்தனையும் நடந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இருபத்து நாலு வயதில் வேலைக்காகப் போத்தனூர் வந்தேன். மனைவி ஜெனிதா கருமத்தம்பட்டிக்காரி. எங்கள் ஊரில் குழம்பில் உப்புக் கூடிப்போனால், வைத்தவளைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் அடுத்த கவளம் எடுப்போம். இங்கே "போதுங்க, வயிறு நெறஞ்சுபோச்சுங்க" என்று எழுந்து கை கழுவுவார்கள். இருபது வருடத்தில் எல்லாச் சொல்லுக்கும் பின்னால் 'ங்க' போட நானும் பழகிவிட்டேன். அந்த 'ங்க'வுக்கு அடியில் என்னென்ன ஒளிந்திருக்கும் என்பதை மட்டும் பழகவில்லை.

தொண்ணூற்று ஐந்தில் எங்கள் ஆலைக்குப் புது மெஷின் பூட்டச் சுவிட்சர்லாந்திலிருந்து ஒருவர் வந்தார். வரும்போதே தன் சைக்கிளையும் கொண்டுவந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவாணிப் பக்கம் காட்டுப் பாதையில் ஓட்டிவிட்டு, உடம்பெல்லாம் செம்மண்ணோடு திரும்புவார். நடுவில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினோரு நாள் ஜெனிதா கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். நான் தூக்குப்போசியில் கொண்டுபோனேன். ஊருக்குத் திரும்பும்போது அவர் அந்தச் சைக்கிளை எங்கள் வீட்டு வாசலில் சாத்திவிட்டுப் போனார். கஞ்சி காய்ச்சியவள் ஜெனிதா என்பதை நான் அப்போதும் யாருக்கும் அழுத்திச் சொல்லவில்லை.

அந்தச் சைக்கிளுக்கு முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் உண்டு. பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை தனியாக இருக்கும். பெடலுக்குச் சற்று மேலே, ஒரே ஒரு போல்ட்டில், கதவு கீலில் தொங்குவது போல அது கோத்திருக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் அந்தக் கை மட்டும் மேலும் கீழும் அசையும், உட்கார்ந்திருப்பவர் அசையமாட்டார். நான் ஒரே ஒரு தடவை அதில் ஏறி அந்தோணியார் கோவிலுக்குப் போனேன். தெரு நாய்கள் மூன்று, பூசை முடியும்வரை காத்திருந்து, திரும்பவும் வீடுவரை துரத்தி வந்தன. அதோடு பின்கட்டில் கொக்கி போட்டு மாட்டியவன் நாலு வருடம் இறக்கவில்லை. ஜெனிதா அதன் ஹேண்டில்பாரில் வெங்காயப் பையைத் தொங்கவிட்டிருந்தாள்.

தொண்ணூற்று ஒன்பது ஜூன் மாதம் அந்தச் சைக்கிளுக்கு வேளை வந்தது.

எங்கள் தெருவுக்கு முட்டை கொண்டுவருகிறவர் செங்கோடன். செட்டிபாளையத்தில் உள்ள ஒரு கோழிப் பண்ணையிலிருந்து தினமும் எட்டு ட்ரே முட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். பாதியை ஜோஸ் என்பவர் நடத்தும் பேக்கரியில் இறக்கிவிட்டு, மீதியைக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கொடுப்பார். அந்த வருடம் குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டி, மூடி, மூடியதன் மேல் ஜல்லியைக் கொட்டி வைத்திருந்தார்கள். மூன்று கிலோமீட்டர் அப்படிக் கிடந்தது.

"ஏனுங் அம்மணி, இன்னைக்கு அஞ்சுதானுங்க தேறுச்சு. ஆறாவது வழியிலயே கண்ணை மூடிப்போட்டுதுங்க" என்று ஒரு நாள் காலை வாசலில் நின்று சொன்னார்.

"தெனமும் இப்புடி ஆம்லெட்டாவே கொண்டாந்தா எப்புடிங்க?" என்றாள் ஜெனிதா.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "மொதலாளி சொல்லிப்போட்டாருங்க. ஒண்ணாந்தேதியிலிருந்து போத்தனூர் லைனு டி.வி.எஸ். வண்டிக்காரனுக்குன்னு. அதுல ஸ்பிரிங் இருக்குதாமுங்க. நான் கெஞ்சிக் கேட்டனுங்க. சரி, மாசத்துக் கடைசி வாரம் பாக்கறேன், ட்ரேக்கு ஒண்ணுக்கு மேல ஒடையக் கூடாது, ஆறரைக்குள்ள பேக்கரில எறக்கோணும், ஒப்பேத்துனீன்னா லைனு உனக்குத்தான்னாருங்க. பதினாலு வருசமா இதே லைனுங்க. வேற தொழிலும் தெரியாதுங்க."

இந்த இடத்தில் எனக்கு அந்தச் சைக்கிள் ஞாபகம் வந்ததாகப் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் வெங்காயப் பையைக் கழற்றிக்கொண்டே, "ஏனுங்க, இதுலயும் ஸ்பிரிங்தானுங்களே இருக்குது" என்று சொன்னவள் ஜெனிதா.

இறக்கித் தூசி தட்டினோம். செங்கோடன் ஏறி உட்கார்ந்து, தெரு முனைவரை போய்த் திரும்பினார். வரும்போது வேண்டுமென்றே எங்கள் வீட்டு முன்னால் இருந்த சாக்கடைப் பலகை மேல் ஏற்றி இறக்கினார். முகம் மலர்ந்திருந்தது.

"போதுமுங்ணா. இப்புடியே குடுத்துருங்க, நாளைக்கே கட்டிப்போடறேன்."

நான் பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினேன். டக் டக் என்றது. "ஆட்டம் இருக்கு" என்றேன், டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்க்கிற மாதிரி.

"கொஞ்சம் ஆடுனா ஆடிட்டுப் போவட்டுமுங்ணா."

"என் கையால குடுக்கிற சாமான்ல ஆட்டம் இருக்கக் கூடாது செங்கோடன். கடைசி வாரத்துக்கு இன்னும் பத்து நாள் கெடக்கு. நான் பாத்துத் தாரேன்."

அந்த நிமிடம் அவருக்கு வேண்டிய உதவி அவருடைய காலடியில் நின்றுகொண்டிருந்தது. ஏறி ஓட்டிக்கொண்டு போயிருப்பார். ஆண்டவர் அனுப்பிய உதவியைத் தடுத்து நிறுத்தி, இதில் ஃபினிஷிங் சரியில்லை என்று திருப்பி எடுத்துக்கொண்டவன் நான்.

போல்ட்டைக் கழற்றினேன். உள்ளே இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் வளையங்கள், புஷ் என்போம், தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. இரண்டுக்கும் நடுவில் ஓர் இரும்புக் குழாய், சுண்டுவிரல் கனத்தில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை. பிளாஸ்டிக்கைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு பெரிய சைக்கிளைச் செய்துவிட்டு முக்கியமான இடத்தில் பிளாஸ்டிக் போட்டிருக்கிறான். இதைப் பேரிங்காக மாற்றிவிட்டால் ஆயுசுக்கும் ஆட்டம் வராது.

டவுனுக்குப் போய், கதிர் வேகத்துக்குத் தாங்கும் பேரிங்காகவே இரண்டு வாங்கினேன். எட்டு மில்லி துளை, இருபத்திரண்டு மில்லி வெளிவட்டம். அவை உட்காரும் குழி ஒரு முடி கனம் சிறிதாக இருந்தது. நல்லதுதான், இறுக்கமாக இருக்கும் என்று வைஸ் பிடியில் வைத்து அழுத்தினேன். அதற்கும் மசியாத கடைசிப் பங்கை மரக்கட்டை வைத்துச் சுத்தியால் அடித்தேன். கிரீஸ் போடவில்லை, கதிருக்குப் போடுவது போல மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு.

"இந்தக் குழா வேண்டாமுங்களா?" என்று ஜெனிதா கேட்டாள்.

"அது புஷ்ஷுக்கு உள்ளது. வெள்ளைக்காரன் வீணா போட்டிருக்கான்."

அவள் அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

போல்ட்டை முறுக்கினேன். இன்னும் லேசாக ஆட்டம். இன்னும் முறுக்கினேன். ஆட்டம் குறைந்தது. உடம்பின் பலத்தையெல்லாம் ஸ்பானரில் போட்டபோது ஆட்டம் சுத்தமாக நின்றது. ஸ்பிரிங்கைப் பூட்டுவதற்கு முன்னால் அந்தக் கையைத் தூக்கி விட்டுப் பார்த்தேன். விட்ட இடத்திலேயே அந்தரத்தில் நின்றது. "பாத்தியா, என்ன கெட்டி" என்று ஜெனிதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மேலும் கீழும் அசைவதற்காகவே செய்யப்பட்ட ஒன்று அசையாமல் நிற்பதைப் பார்த்துப் பெருமைப்பட்ட ஒரே ஃபிட்டர் நானாகத்தான் இருப்பேன்.

முட்டைக்குக் கேரியர் வேண்டுமே. சக்கரத்தோடு சேர்ந்து குதிக்காதபடி அதை சீட்டுக்குக் கீழே முன் ஃப்ரேமிலேயே பிடிக்க வைத்தேன். அந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன். செய்துவிட்டு, அதன் பக்கப் பட்டையில் பச்சைப் பெயிண்டில் எழுதினேன்: அன்பளிப்பு – ச. தேவானந்தம், ஃபிட்டர்.

"கோயில் டியூப்லைட்டுல எழுதற மாதிரி இருக்குதுங்க" என்றாள் ஜெனிதா.

"நல்லா இருக்குல்லா?"

"நல்லா இருக்குதுங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து செங்கோடனை வரச் சொல்லிக் கொடுத்தேன். தெரு முனைவரை ஓட்டிப் போனார். திரும்பி வரும்போது சாக்கடைப் பலகையை ஒதுக்கிச் சுற்றி வந்தார். அதை அப்போது நான் கவனித்திருக்கலாம்.

"எப்படி?"

"நல்லா இருக்குதுங்ணா."

"ஆட்டம்?"

"ஆட்டமே இல்லீங்ணா. நல்லா இருக்குதுங்க." கேரியரைத் தடவிப் பார்த்தார். எழுத்தையும் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்குதுங்க."

அவர் போனதும், "மூணு தரம் சொன்னாருங்க" என்றாள் ஜெனிதா.

"ஆமா. அவ்வளவு புடிச்சுப்போச்சு."

"எங்கூருல ஒரு பொருளு புடிச்சுதுன்னா 'பரவால்ல'ன்னு சொல்லுவமுங்க" என்று ஆரம்பித்தவள், உள்ளே பால் பொங்கும் சத்தம் கேட்டு ஓடிவிட்டாள். திரும்பி வந்து முடிப்பாள் என்று நான் காத்திருக்கவில்லை. எனக்கு அது முடிந்த விஷயம்.

திங்கட்கிழமை எங்கள் வீட்டுக்கு ஆறு முட்டையும் முழுசாக வந்தன. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. பேக்கரியில் விசாரித்தேன், ஆறு இருபத்தைந்துக்கெல்லாம் இறக்கிவிட்டாராம், சேதாரம் ஒன்றிரண்டுதானாம். அன்று மாலை அந்தோணியார் நவநாள் முடிந்து வெளியே வந்தவர்களை நிறுத்தி வைத்து, சிறு உதவிகளை ஆண்டவர் எப்படிப் பெரிதாக்குகிறார் என்று கால் மணி நேரம் பேசினேன். பேச்சில் ஆண்டவர் இரண்டு தடவை வந்தார். பேரிங் பதினைந்து தடவை வந்தது. வீட்டுக்கு வந்து அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றி நன்றியும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு முதல் ஷிப்ட். காலையிலிருந்தே சாரல். ஆலைக்குப் போக, செட்டிபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். தோண்டிய ரோட்டில் பஸ் ஊர்ந்தது. எதிரே ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார். ஒரு கை ஹேண்டில்பாரில். இன்னொரு கை, காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகில் வைத்திருப்பது போல, முட்டை ட்ரேக்களின் மேல். ட்ரேக்களுக்கு பிளாஸ்டிக் சாக்குப் போர்த்தியிருந்தது. தலைக்கு ஒன்றும் இல்லை. செருப்பு சேற்றில் மாட்டி, நின்று, எடுத்து, மறுபடி நடந்தார். கேரியரில் என் பெயர் மழை கழுவியதில் பளிச்சென்று தெரிந்தது.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

"என்ன செங்கோடன், பங்க்ச்சரா?"

"இல்லீங்ணா." அவர் முகத்தில் திருடிப் பிடிபட்டவர் போல ஒரு கலவரம். "நீங்க எங்கீங்க இந்தப் பக்கம்?"

"பின்னே ஏன் நடக்கீரு?"

"சும்மாதானுங்க. காலைல நடக்கறது ஒடம்புக்கு நல்லதுன்னு..."

"எட்டு ட்ரே முட்டையோடயா?"

நான் சைக்கிளை வாங்கி, சீட்டில் கையை ஊன்றி அழுத்தினேன். பின்பக்கம் இறங்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். 'டொக்' என்று ஒரேயடியாக இறங்கி, அங்கேயே நின்று, பிறகு 'டொக்' என்று ஏறியது. சாக்குக்கு அடியில் மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. எத்தனை முட்டை என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

"உள்ளதைச் சொல்லும்."

"மொத நாளே தோட்டத்துக்குள்ள ஒரு ட்ரே வெச்சு ஓட்டிப் பாத்தனுங்க" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "பதினொண்ணு போச்சுங்க. அதுக்குப் பழைய சைக்கிளே..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "அப்புடிச் சொல்ல வரலீங்ணா. தார் ரோட்டுல ஏறி நல்லா ஓட்டறனுங்க. ஜல்லி வாரப்ப மட்டும் எறங்கித் தள்ளிக்கறனுங்க. மூணு கிலோமீட்டர்தானுங்களே."

"அப்போ பழைய சைக்கிளையே எடுத்திருக்கலாமே?"

"பத்து நாள் உக்காந்து எனக்காவ செஞ்சுகுடுத்தீங்க. பேரெல்லாம் எழுதி. உங்க ஊட்டு முன்னால பழைய சைக்கிள்ல வந்து எப்புடிங்க நிக்கறது?"

அவருடைய பதினாலு வருடப் பிழைப்பு இந்த ஒரு வாரத்தில் தொங்குகிறது. அந்த வாரத்தில் அவர் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றியது இரண்டை: முட்டையை, என்னை. உடையக்கூடியது எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டு பேருமாகத் தள்ளினோம். சேற்றில் வேகம் வரவில்லை. பேக்கரியில் இறக்கும்போது மணி ஆறு ஐம்பது. ஜோஸ் கடிகாரத்தைப் பார்த்தார், செங்கோடன் நனைந்திருந்ததைப் பார்த்தார். "கடிகாரம் இன்னைக்கு முந்தி ஓடுது. மழைக்கு அப்படித்தான்" என்றார். பிறகு, "நாளைக்கு ஓடாது, கேட்டீங்களா. உங்க முதலாளியே வந்து நிப்பேன்னு போன் பண்ணிருக்கார்" என்றார்.

ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு, சைக்கிளைக் குறிச்சிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே கோமளா இரண்டு கடைசல் லேத் வைத்துப் பட்டறை நடத்துகிறவள். கிரைண்டர் கம்பெனிகளுக்கு புஷ் கடைந்து கொடுப்பாள். எங்கள் ஆலைக்கும் செய்வாள். போன மாதம்தான் அவள் செய்து அனுப்பிய நாற்பது புஷ்ஷை, ஒரு முடி கனம் ஆட்டம் என்று எழுதி, நான் திருப்பி அனுப்பியிருந்தேன். வேறு யாரிடமாவது போகலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். அவளைவிட வேலை சுத்தமான ஆள் ஞாபகம் வரவில்லை.

அன்றைக்கு அங்கே மாலைவரை கரண்ட் இல்லை. லேத்துகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்ணா. மறுபடியும் எதாச்சும் திருப்பிக்குடுக்க வந்தீங்களா?"

"இல்லம்மா. இது நான் செஞ்சது."

அவள் சைக்கிளைச் சுற்றி வந்தாள். கேரியரில் இருந்ததை வாய்விட்டுப் படித்தாள். சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பின் கையைத் தூக்கி விட்டாள். அந்தரத்தில் நின்றது.

"ஏனுங்ணா, இது தூங்குதுங்களா, செத்துப்போச்சுங்களா?"

"ஆட்டம் இருக்கக் கூடாதுன்னு..."

"ஆட்டமும் இல்லீங்க, அசைவும் இல்லீங்க." போல்ட்டைக் கழற்றி உள்ளே விரலை விட்டாள். "ரெண்டு பேரிங்குக்கும் நடுவால ஒரு குழா இருந்திருக்கோணுமே. எங்கீங்ணா? அது இல்லாம நீங்க முறுக்க முறுக்க, ரெண்டும் ஒண்ணையொண்ணு கழுத்தை நெரிச்சுட்டு நிக்குதுங்க. அப்பறம் எங்கீங்க ஆடறது?"

நான் குனிந்து சக்கரத்தில் இருந்த சேற்றை வழித்தேன்.

"குழியும் டைட்டுங்க. சுத்தியில அடிச்சிருக்கீங்க. இது கதிர் பேரிங்குங்களே. கதிராட்டம் இது சுத்தப்போறதே இல்லீங்ணா. உக்காந்த எடத்துல தலையாட்டற வேலைதான் இதுக்கு. அதுக்கு இவ்வளவு வேகக்காரன் எதுக்குங்க?" இழுப்பறையிலிருந்து ரப்பர் மூடி போட்ட பேரிங் இரண்டை எடுத்தாள். "கிரைண்டர் மோட்டாருக்கு வாங்கி வெச்சது. மாவுத் தண்ணியிலயே குடும்பம் நடத்தும். சேறு ஒண்ணும் பண்ணாது. குழா மட்டும் வேணுமுங்க. லேத்து ஓடுனா புதுசு கடைஞ்சுதருவேன். பழசு இருந்தா இப்பவே ரம்பம், அரம் வெச்சு இந்தப் பேரிங்குக்குத் தக்க நீளத்தைக் கொறச்சுப்போடலாம்."

வீட்டுக்கு ஓடினேன். வைத்த இடம் தெரியவில்லை. டூல் பெட்டியில் இல்லை, பின்கட்டில் இல்லை. வழக்கப்படி அந்தோணியாரிடம் போய் நின்றேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர்தானே. கண்ணை மூடி, "சாமி, ஓர் இரும்புக் குழாய்" என்று ஆரம்பித்தேன். கண்ணைத் திறந்தபோது அவருடைய பாதத்தருகே, உருகிய மெழுகில் நட்டுவைத்த குழாய்க்குள் மூன்று ஊதுபத்திகள் சாம்பலாகி நின்றன. பத்து நாளுக்கு மேலாக அதைக் கையோடு வைத்துக்கொண்டு, இவன் எப்போது கேட்பான் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை நன்றி சொன்னபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

"வீணா போட்டதுன்னீங்களேன்னு எடுத்துக்கிட்டனுங்க" என்றாள் ஜெனிதா.

நடந்ததைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "செங்கோடண்ணன் செருப்பு ஒரு பக்கமா தேஞ்சிருந்ததைப் பாத்தனுங்க. புதன்கெழமையே தேங்காயெண்ணெய் குடுத்தேன், காலுக்குத் தேச்சுக்கச் சொல்லி."

"எங்கிட்ட சொல்லிருக்கலாமே?"

"அத்தனை சந்தோசமா இருந்தீங்க. எப்புடிங்க சொல்றது?"

குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு வேறொன்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் முறைப்படி நான்தான் மீன் குழம்பு வைப்பேன். இருபது வருடமாக.

"அப்போ என் மீன் குழம்பு?"

ஜெனிதா கொஞ்ச நேரம் ஊதுபத்திச் சாம்பலைத் துடைத்தாள். "நல்லா இருக்குதுங்க" என்றாள்.

மத்தியானம் முழுவதும் பட்டறையில் கையாலேயே வேலை. கோமளா பழைய பேரிங்குகளைத் தட்டி எடுத்தாள். குழியை உப்புத்தாள் போட்டு, அளந்து, மறுபடி போட்டு, மறுபடி அளந்து விரித்தாள். குழாயை அறுத்து அரத்தில் ராவினாள். ஊதுபத்தி வாசம் வந்தது. "எதுனாலுங்ணா இப்புடி மணக்குது?" என்று கேட்டாள். சொன்னேன். அப்போதுதான் அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தாள், அரத்தைக் கீழே வைத்துவிட்டு.

எல்லாம் பூட்டியபின் பின் கையைத் தூக்கி விட்டாள். அது மெதுவாக, தூக்கம் வந்த பிள்ளை தோளில் சாய்கிற மாதிரி, தன் எடையிலேயே இறங்கியது. நான் பழக்கதோஷத்தில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினேன். சிகரெட் தாள் கனத்துக்கு ஓர் ஆட்டம். என் கை ஸ்பானரை எடுத்தது.

கோமளா அதை என் கையிலிருந்து வாங்கி, தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் உடுங்ணா. அதுக்கும் மூச்சு உட எடம் வேணுமுங்களே."

பிறகு, நான் கேட்காமலே, "அந்த நாப்பது புஷ்ஷும் அப்புடியேதான் இருக்குதுங்க" என்றாள். திங்கட்கிழமை ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். பேரிங்குக்கு அவள் என்னிடம் எதுவும் வாங்கவில்லை. "அன்பளிப்புன்னு எழுதிக்குங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே சைக்கிளைச் செங்கோடனிடம் சேர்த்துவிட்டு, சனிக்கிழமை ஆறு மணிக்கே பேக்கரி முன்னால் போய் நின்றுவிட்டேன். சட்டைப் பையில் செபமாலை. ஆறேகாலுக்குப் பண்ணை முதலாளி லட்சுமணசாமி ஜீப்பில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, கையில் தினசரி. அதிகம் பேசாத மனிதர். ஜோஸ் டீ கொடுத்தார். அவர் ஆற்றிக் குடித்தார். நான் பத்து மணிகளை உருட்டி முடித்தபோது மணி ஆறு இருபத்து மூன்று.

தெரு முனையில் செங்கோடன் தெரிந்தார். ஓட்டிக்கொண்டு வந்தார். நாய்கள் மூன்றும் பின்னால் குரைத்துக்கொண்டு ஓடிவந்தன. பேக்கரி வாசலில் போட்டிருந்த சாக்கடைப் பலகை மேல் ஒதுங்காமல் ஏறினார். பின் சக்கரம் ஏறி இறங்கியது. ட்ரேக்கள் அசையவில்லை.

லட்சுமணசாமி தினசரியை மடித்துவைத்துவிட்டு, ஒவ்வொரு ட்ரேயாகத் தானே தூக்கிப் பார்த்தார். செங்கோடன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் பார்க்கவில்லை, எதிர்ப்பக்கக் கடையின் ஷட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது ட்ரேயை வைக்கும் சத்தம் கேட்டது.

"மூணு" என்றார் லட்சுமணசாமி. விரலில் ஒட்டியதைத் துடைத்துக்கொண்டார். சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "பரவால்லையே செங்கோடா. லைனை நீயே பாத்துக்க."

'பரவால்லை' என்றால் என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். செங்கோடனுக்கு எப்போதுமே தெரியும். அவர் இரண்டு கையையும் கூப்பினார். துண்டால் முகத்தைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜீப் போனபின் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "செங்கோடன், சைக்கிள் எப்படி இருக்கு? உள்ளதைச் சொல்லும்."

அவர் வாயைத் திறந்தார். 'நல்லா' என்று வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் மூடிக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, தலையைச் சொறிந்தார்.

"பின்னாடி லேசா கிச்சுன்னு ஒரு சத்தம் வருதுங்ணா."

"சரி."

"சீட்டு ஒரு வெரக்கடை ஒசரமுங்க."

"சரி, சரி."

"அப்பறம்..." அவர் குரல் இன்னும் இறங்கியது. "இந்தப் பேரு எழுதியிருக்கற பக்கம் பெயிண்ட் வழுவழுன்னு இருக்குதுங்களா, கவுறு நிக்க மாட்டீங்குதுங்க. வழுக்குதுங்க."

மூன்று குறை. இருபது வருடத்தில் இந்த ஊர்க்காரர் ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்ன முதல் மூன்று குறைகள். எனக்கு ஒரு பெரிய மரியாதை செய்துவிட்ட மாதிரி இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "சாயங்காலம் கொண்டாரும்" என்றேன்.

சாயங்காலம் கொண்டுவந்தார். ஜெனிதா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். நான் முதலில் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பெயரில் உட்கார்ந்தேன். பச்சைப் பெயிண்ட் நன்றாகப் பிடித்திருந்தது. 'அன்பளிப்பு' சீக்கிரம் போய்விட்டது, 'தேவானந்தம்' போக அரை மணி நேரம் ஆயிற்று. சீட்டை ஒரு விரற்கடை இறக்கினேன். சத்தம் வந்த இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன்.

சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்கவில்லை.